எஞ்சின் பிளாக்: நான்கு சக்கர இயக்கத்துக்கான தகவமைப்பு

இரு சக்கர இயக்க வாகனத்தின் எஞ்சினை, நான்கு சக்கரங்களுக்கும் விசை செலுத்தும் அமைப்போடு பொருந்துமாறு மாற்றும் பொறியியல் பணி. நெடுக்காக வைத்த எஞ்சினில் சிலிண்டர்களைத் தொடுவதில்லை. மாறுவன ஆயில் சம்ப், மவுண்டிங், பின்முக இணைப்பு. முன் டிஃபரன்ஷியலுக்கு எஞ்சினின் அடியில் இடம் வேண்டியிருப்பதால் சம்ப்பின் குழி நகரும். எண்ணெய் உறிஞ்சு குழாயும் அதற்கேற்ப மாற வேண்டும்.

வேறு கியர்பாக்ஸ் பொருத்தினால் பிளாக்குக்கும் பெல் ஹவுசிங்குக்கும் இடையே அடாப்டர் தகடு வரும். மிக நுட்பமான கட்டம் இதுவே. கிராங்க் ஷாஃப்டின் மையமும் கியர்பாக்ஸ் உள்தண்டின் மையமும் ஒரே கோட்டில் அமைகின்றனவா என்று டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்து, டவல் பின்களால் நிலைப்படுத்துவர். மையம் பிசகினால் பைலட் பேரிங்கும் கிளட்ச்சும் விரைவில் கெடும்.

ஆலையிலேயே இந்தத் தகவமைப்பைச் செய்வதற்கு, திருப்பதி மாவட்டத்து ஸ்ரீசிட்டியில் 2016இல் தொடங்கிய இசுசு ஆலை சான்று. அங்கு உருவாகும் டி-மேக்ஸ் வி-கிராஸில் ஒரே 1.9 லிட்டர் டீசல் எஞ்சின் இருவகை இயக்கத்துக்கும் பயன்பட்டது.

ஆலைக்கு வெளியே பட்டறைகளில் செய்யும் இத்தகைய மாற்றங்களை, இந்தியாவில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது.