செக் குடும்பப் பெயர்கள்: வீட்டுக் கூரையிலிருந்து பதிவேட்டுக்கு

செக் நாட்டில் மிகப் பரவலான குடும்பப் பெயர் நோவாக். ஊருக்குப் புதிதாக வந்தவன் என்பது பொருள். யாரும் தனக்குத் தானே இப்படிப் பெயர் வைத்துக்கொள்வதில்லை. முன்பே குடியிருந்தவர்கள் வைத்த பெயர் அது. செக் குடும்பப் பெயர்களில் பெரும்பகுதி இப்படி அக்கம்பக்கத்தார் வாயில் பிறந்தவை. அவற்றைப் பரம்பரை அடையாளமாக்கியது குருதி உறவைவிட அரசின் பதிவேடுதான் என்பது என் துணிபு.

பிரபுக்கள் தம் கோட்டைகளின் பெயரைச் சூடிக்கொண்டார்கள். ஹுசினெட்ஸ் கிராமத்தில் பிறந்த சமயச் சீர்திருத்தவாதி யான் ஹுஸ், ஊர்ப் பெயரைச் சுருக்கி வைத்துக்கொண்டார். ஹுஸ் என்றால் வாத்து. அதைச் சொல்லி அவரே கேலி பேசியதுண்டு. குடியானவர் வழக்கம் வேறு. அங்கே பெயர் ஆளோடு போகவில்லை, வீட்டோடு நின்றது. ஒரு பண்ணைக்கு வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவன் அந்தப் பண்ணையின் பெயரைப் பெற்றான். ‘கூரைப்படி பெயர்’ என்று செக்கர்கள் இதைச் சொல்வார்கள். முப்பதாண்டுப் போரில் (1618–1648) பாழான பண்ணைகளில் குடியேறியவர்களும் பழைய குடியின் பெயரை ஏற்றதுண்டு. உடன்பிறந்த இருவர் வெவ்வேறு பெயரில் வாழ்வதும் இயல்பாக இருந்தது. தேவாலயப் பதிவேடுகளில் மூதாதையரைத் தேடுவோர் இங்கேதான் தடம் தவறுகிறார்கள்.

செக் நாட்டின் மொராவியாப் பகுதியில் மிகுதியாக வழங்கும் ஒரு வகை தனிச் சுவை உடையது. அங்கே இறந்தகால வினையே பெயராகிவிட்டது. பொஸ்பிஷில் ‘விரைந்தான்’, நவ்ராத்தில் ‘திரும்பினான்’, தொலெஷல் ‘படுத்துக் கிடந்தான்’. எழுத்தாளர் ஹ்ராபலின் பெயர் ‘வாரினான்’. எதற்கு விரைந்தான், எங்கிருந்து திரும்பினான் என்ற கதைகள் மறைந்து வினைகள் மட்டும் எஞ்சின. (1975இல் நாட்டைவிட்டு வெளியேறிய டென்னிஸ் வீராங்கனை மார்ட்டினா நவ்ரத்திலோவா, 1986இல் அமெரிக்க அணிக்காக ஆடப் பெயருக்கேற்பப் பிராகா நகருக்குத் திரும்பினார்.) ஸ்வோபோதா என்பதற்கு ‘விடுதலை’ என்று பொருள் கண்டு பெருமிதம் கொள்வோர் உண்டு. பண்ணையாருக்குக் கட்டாய உழைப்பு கடன்படாத குடியானவனையே அது குறித்தது.

1780களில், செக் நிலத்தை ஆண்ட பேரரசர் இரண்டாம் யோசேப்பின் ஆணைகள், வீட்டோடு பெயர் மாறும் நெகிழ்ச்சியை முடித்துவைத்தன. வரி விதிக்கவும் படைக்கு ஆளெடுக்கவும் மாறாத பெயர் தேவைப்பட்டது. 1787ஆம் ஆண்டு ஆணை யூதர்களை ஜெர்மன் குடும்பப் பெயர் ஏற்கச் சொன்னது. அன்று ஏட்டில் ஏறியதே பின்னர் ‘இன அடையாளம்’ ஆயிற்று. ஆனால் ஐந்து தொகுதிகளில் செக்–ஜெர்மன் அகராதி (1834–1839) தந்த யோசெஃப் யுங்மனின் பெயர் ஜெர்மானியம். செக் தேசியத் தலைவர் ரீகர், 1862இல் சொகோல் உடற்பயிற்சி இயக்கத்தைத் தொடங்கியோரில் ஒருவரான ஃபூக்னர் ஆகியோர் பெயர்களும் அப்படியே. பெயரை வைத்து இனத்தைக் கணிக்கும் பழக்கத்துக்கு இவர்களே போதுமான மறுப்பு.

பிற ஸ்லாவியரிடம் விகுதிகள் வேறு: ரஷ்யரின் ‘ஓவ்’, உக்ரைனியரின் ‘என்கோ’, செர்பியர், குரோவாசியரின் ‘இச்’ மூன்றும் பெரும்பாலும் தந்தைவழியைச் சுட்டுபவை. போலந்தின் ‘ஸ்கி’ நிலவுடைமைப் பிரபுக்களிடம் தொடங்கிப் பரவியது. ரஷ்யப் பண்ணையடிமைகள் பலருக்கு 1861இல் விடுதலை கிடைத்த பின்னரே அதிகாரபூர்வக் குடும்பப் பெயர் வாய்த்தது.

செக் பெண்களின் பெயரில் கட்டாயமாக ஒட்டிவந்த ‘ஓவா’ விகுதியையும் சட்டமே காத்துவந்தது. 2022 ஜனவரி 1 முதல், காரணம் எதுவும் காட்டாமல் அதை விட்டுவிட அவர்களுக்கு உரிமை உண்டு.