அரை மணியும் நான்கு மணியும்

மறையுரை சற்று நீண்டால் நம் கண்கள் கடிகாரத்தைத் தேடுகின்றன. மனத்துக்கு இனியவரோடு உரையாடும்போதோ கடிகாரம் ஒன்று இருப்பதையே மறந்துவிடுகிறோம். நேரத்தின் நீளம் முள்ளின் ஓட்டத்தில் மட்டும் அடங்கியதன்று என்பது நாம் அனைவரும் அறிந்த உண்மை. மேலைநாட்டு ராக் இசையின் வரலாறும் இவ்வுண்மையைத் தனக்கே உரிய வழியில் எடுத்துரைக்கின்றது. அந்த இசையை வெறும் இரைச்சல் என்று நம்மில் சிலர் ஒதுக்கியிருக்கலாம். ஆயினும் ஓர் இசைக்குழு மேடையேறினால் எவ்வளவு நேரம் பாடும் என்ற எளிய கேள்விக்கு, அரை மணியிலிருந்து நான்கு மணி வரை அவ்வரலாறு பல விடைகளைத் தந்திருக்கிறது. விடைகள் ஏன் இவ்வாறு மாறின என்பது சிந்தனைக்கு உரியது.

1960ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலிருந்து சில இளைஞர்கள் ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுக நகருக்குச் சென்றனர். 'பீட்டில்ஸ்' என்ற பெயரை அன்று உலகம் அறியாது. அங்கே மதுக்கூடங்களில் வாடிக்கையாளரைத் தங்கவைப்பதற்காக அவர்கள் பாடவேண்டியிருந்தது. வார நாள்களில் நாலரை மணி நேரம், சனி ஞாயிறுகளில் ஆறு மணி நேரம் என்பது ஒப்பந்தம். தெரிந்த பாடல்கள் தீர்ந்துபோயின, புதியவற்றைக் கற்றனர், ஒரே பாடலை நீட்டி நீட்டிப் பாடினர். கூட்டம் சிறியது, ஆனால் கேட்பவரின் முகம் பாடுபவருக்குத் தெரிந்தது. அவர்களை இசைக்கலைஞர்களாக உருவாக்கியது அந்த நெடிய இரவுகளின் உழைப்பே.

ஐந்தாண்டுகள் சென்றன. 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க் நகரின் ஷே விளையாட்டரங்கில் அதே குழு பாடியபோது 55,000க்கும் மேற்பட்டோர் திரண்டிருந்தனர். பாடியவை 12 பாடல்கள். நேரம் ஏறத்தாழ அரை மணி. இது குழுவினரின் கருமித்தனம் அன்று. ஒரே சீட்டுக்குப் பல பாடகர்கள் அடுத்தடுத்து மேடையேறுவதே அக்கால வழக்கம். புகழ்பெற்ற குழு இறுதியில் தோன்றிச் சில பாடல்களைப் பாடிவிட்டு விடைபெறும்.

ஆனால் குறை வேறிடத்தில் இருந்தது. அத்தனை பெரிய அரங்கை நிரப்பும் ஒலிபெருக்கிகள் அன்று இல்லை. விளையாட்டு அறிவிப்புகளுக்காக அரங்கில் பொருத்தப்பட்டிருந்த கருவிகளின் வழியாகவே பாடல் ஒலித்தது. இரசிகர்களின் கூக்குரல் அதை விழுங்கிவிட்டது. பாடுவது கேட்போருக்குச் சரியாக எட்டவில்லை. பாடியவர்களுக்கும் தங்கள் குரல் கேட்கவில்லை. 1966 ஆகஸ்ட் 29 அன்று சான் பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் அரங்கில் 11 பாடல்களோடு அவர்கள் தங்கள் இசைப்பயணங்களுக்கு முற்றுப்புள்ளி வைத்தனர். அந்நிகழ்ச்சியை அவர்களுடைய செய்தித் தொடர்பாளர் ஒலிநாடாவில் பதிவு செய்தார். நாடாவின் ஒரு பக்கம் 30 நிமிடமே ஓடும். கடைசிப் பாடல் முடியுமுன் நாடா தீர்ந்துவிட்டது. கேட்கப்படாத அரை மணி நேரத்தைவிட ஒலிப்பதிவுக் கூடத்தின் அமைதியே மேல் என்று அவர்கள் முடிவு செய்தனர்.

அடுத்த பத்தாண்டில் நிலைமை மாறியது. ஒலிபெருக்கிக் கருவிகள் வளர்ந்தன. அமெரிக்காவின் 'கிரேட்ஃபுல் டெட்' குழு 1974இல் 600 அளவிலான ஒலிபெருக்கிகளைச் சுவர்போல் அடுக்கித் தங்கள் முதுகுக்குப் பின்னே நிறுத்திக்கொண்டது. மக்கள் கேட்பதையே பாடுவோரும் கேட்கவேண்டும் என்பது அதன் நோக்கம். மேடையிலேயே இசையைக் கற்பனையாக விரித்துச் செல்லும் அக்குழுவின் நிகழ்ச்சிகள் மூன்று மணி நேரத்தையும் எளிதில் கடந்தன. ஒருவரையொருவர் கேட்க முடிந்தபோது நேரமும் தானே நீண்டது. பலர் சேர்ந்து பாடும் பழைய முறையும் மறைந்து, ஒரு முன்னோடிக் குழு, அதன்பின் முதன்மைக் குழு என்ற ஒழுங்கு நிலைத்தது. முதன்மைக் குழு ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி வரை பாடுவது பொது வழக்காயிற்று. இன்று சீட்டு வாங்கிச் செல்பவர் எதிர்பார்க்கத்தக்க அளவும் இதுவே.

இவ்வழக்கை மீறியவர்களுள் தலையானவர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். நியூஜெர்சியில் கத்தோலிக்கராக வளர்ந்து, லீமா நகர்ப் புனித ரோசாவின் பெயர் தாங்கிய பங்குப் பள்ளியில் பயின்றவர். 2012 ஜூலை 14 அன்று இலண்டன் ஹைட் பூங்காவில் மூன்று மணி நேரத்துக்கும் மேல் பாடிய அவரோடு இறுதியில் பால் மெக்கார்ட்னியும் சேர்ந்துகொண்டார். ஷே அரங்கில் அரை மணியோடு இறங்கிய அதே பீட்டில்ஸ் பாடகர்! அண்டை வீட்டாரின் உறக்கத்துக்காக விதிக்கப்பட்டிருந்த நேர வரம்பு கடந்துவிட்டது. இருவரும் நன்றி கூற முயன்றபோது ஒலி நிறுத்தப்பட்டது. அம்மாதம் 31ஆம் நாள், பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் ஸ்பிரிங்ஸ்டீன் 4 மணி 6 நிமிடம் பாடினார். அப்போது அவருக்கு வயது 62. மெக்கார்ட்னியோ 2022 ஜூனில், 80 வயது நிறைந்த ஒரு வாரத்தில், இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாகப் பாடினார். இம்முறை அவருடைய மேடைக்கு விருந்தினராக வந்தவர் ஸ்பிரிங்ஸ்டீன்.

அப்படியானால் நீளமே நிறைவா? இல்லை என்கிறது மற்றொரு சான்று. எத்தியோப்பியாவின் பஞ்சத்தால் வாடியோருக்கு நிதி திரட்ட 1985 ஜூலை 13 அன்று இலண்டன் வெம்பிளி அரங்கில் 'லைவ் எய்ட்' நிகழ்ச்சி நடந்தது. ஒவ்வொரு குழுவுக்கும் ஏறத்தாழ இருபது நிமிடமே. 'குயின்' குழு பாடியது 21 நிமிடம். அதன் முதன்மைப் பாடகர் பிரெடி மெர்குரி குரல் கொடுக்க, அரங்கமே எதிர்க்குரல் கொடுத்தது. அந்நாளில் பாடிய பலருள் மக்கள் நெஞ்சில் நிலைத்தவர்கள் அவர்களே. ஷே அரங்கின் அரை மணியைவிட அது குறைந்த நேரந்தான். ஆனால் அங்கே கேட்டல் இருந்தது.

செபிக்கும்போது சொற்களை மிகுதியாக அடுக்கவேண்டாம் என்று கற்பித்தார் நம் ஆண்டவர். அவரே மலைமேல் ஏறி ஓர் இரவு முழுவதும் தந்தையோடு செபத்தில் நிலைத்திருந்தார் என்றும் லூக்கா நற்செய்தி கூறுகின்றது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. சொல்லுக்கு மறுபுறத்தில் கேட்கும் செவி ஒன்று உண்டு என்று அறிந்தவருக்குச் சில சொற்களே போதும். இரவு முழுவதும்கூட நீளாது. அந்த உறுதி இல்லாதவருக்கு அரை மணியும் வீண் கூச்சலாகவே முடியும்.

நம் வழிபாடு நீண்டது என்றோ குறுகியது என்றோ குறைகூறும் முன், இந்த வரலாற்றை எண்ணிப் பார்க்கலாம். வீட்டில் முதிய பெற்றோரோடு நாம் செலவிடும் மாலைப்பொழுதுக்கும் இது பொருந்தும். எத்தனை நிமிடம் அமர்ந்திருந்தோம் என்று கணக்கிடும் முன், அவர்கள் சொன்னதைக் கேட்டோமா என்று நம் உள்ளத்தைக் கேட்போம்.