கடைமடைக்கும் தண்ணீர்

கண்மாய்ப் பாசனம் உள்ள ஊர்களில் ஒரு நியதி உண்டு. மேல்மடைக்காரன் தன் வயலுக்கு வேண்டிய மட்டும் பாய்ச்சிக்கொள்ளலாம்; வாய்க்காலை மட்டும் அடைத்துவிடக் கூடாது. கடைமடைக்கும் தண்ணீர் போய்ச் சேர வேண்டும். நத்தம் வட்டாரத்து விவசாயிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதே நியதி கணினி உலகத்தில் ஓர் உரிமப் பத்திரமாக உருவெடுத்த கதை சுவையானது.

2011-ஆம் ஆண்டில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அந்தக் கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு 'பாஸ்' என்ற இயங்குதளமும் இருந்தது. லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் என்ற அரசு நிறுவனம் உருவாக்கியது அது. கணினியோடு சேர்ந்து ஓர் உரிமையும் பிள்ளைகளின் கைக்கு வந்தது. அந்த உரிமை எங்கிருந்து வந்தது?

1980-ஐ ஒட்டிய காலம். அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்ற இளைஞர் வேலை பார்த்துவந்தார். அங்கிருந்த அச்சுப்பொறியில் காகிதம் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். சிக்கினால் உடனே தகவல் வரும்படி அதன் நிரலை அவர் திருத்திவைத்திருந்தார். பிறகு ஜெராக்ஸ் கம்பெனியின் புதிய பொறி வந்தது, மூலநிரல் வரவில்லை. மூலநிரல் என்பது மனிதர் படித்துத் திருத்தக்கூடிய வடிவம். பலகாரத்துக்குப் பக்குவக் குறிப்பு எப்படியோ அப்படி. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்து ஆய்வாளரிடம் போய்க் கேட்டார். யாருக்கும் தருவதில்லை என்று ஒப்புக்கொண்டிருந்த அவர் கையை விரித்துவிட்டார்.

அந்த ஏமாற்றம் ஸ்டால்மன் மனத்தில் முள்ளாகத் தைத்தது. 1983-இல் 'க்னூ' என்ற திட்டத்தை அறிவித்தார். 1989-இல் அதற்கென்று ஒரு பொது உரிமம் வெளிவந்தது. பிறர் கையைக் கட்டுவதற்கென்றே இருந்த பதிப்புரிமைச் சட்டத்தை, கட்டை அவிழ்க்கும் கருவியாக்கினார் அவர். யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிரதி எடுத்து விலைக்கும் விற்கலாம். ஆனால் பிறருக்குக் கொடுக்கும்போது மூலநிரலையும் கொடுக்க வேண்டும், அல்லது கேட்டால் தருவதாக எழுதித் தர வேண்டும். திருத்தியிருந்தால் அதைத் தெரிவிக்க வேண்டும். தனக்குக் கிடைத்த அதே உரிமையை வாங்குகிறவருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டும். வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறவருக்கு இந்தக் கடமை இல்லை. கைமாறும்போதுதான் கடன் பிறக்கிறது.

1991-இல் பின்லாந்து மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். காசு வாங்கிக்கொண்டு கொடுக்கக் கூடாது என்பது அவர் முதலில் போட்ட நிபந்தனை. 1992-இல் அதை விலக்கி, ஸ்டால்மனின் உரிமத்தையே ஏற்றார்.

நிபந்தனை வெறும் ஏட்டுச் சுரைக்காயா? 2003-இல் அது தெரிந்தது. லிங்க்சிஸ் கம்பெனியின் இணையக் கருவி ஒன்றுக்குள் லினக்ஸ் இருப்பதைப் பயனர்கள் கண்டுபிடித்தார்கள், மூலநிரலைக் காணோம். வற்புறுத்தலுக்குப் பிறகு கம்பெனி அதை வெளியிட்டது. அதை விதையாகக் கொண்டு முளைத்ததுதான் 'ஓப்பன்டபிள்யூஆர்டி' என்ற பொதுமென்பொருள். அடைபட்ட மடை திறந்ததும் கடைமடையில் ஒரு புதுப்பயிரே விளைந்துவிட்டது!

எல்லா உரிமங்களும் இப்படிக் கண்டிப்பானவை அல்ல. எம்.ஐ.டி. உரிமம் ஆசிரியர் அறிவிப்பையும் உரிமத்தின் வாசகத்தையும் நீக்காதிருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறது, எடுத்தவர் பூட்டிவைத்துக்கொள்ளலாம். தாராளம் எது என்று கேட்டால் இதுதான் என்பார்கள் சிலர். கொடுக்கிறவருடைய தாராளம் அது. கடைசியில் நிற்கிற பிள்ளைக்கு அதனால் என்ன மிஞ்சும்?

நத்தத்துப் பிள்ளைக்கு மூலநிரலைக் கேட்கும் உரிமை, எங்கோ ஓர் அச்சுப்பொறியில் காகிதம் சிக்கியதால் கிடைத்தது. கேட்கலாம் என்று அவனுக்கு யாராவது சொல்ல வேண்டும். தெரியாத உரிமை, வாய்க்கால் வெட்டியும் வயலில் மடை வைக்காத கதைதான்.