யானை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தி

வி. கிருஷ்ணமூர்த்தி (1929–2002) தமிழ்நாடு வனத்துறையில் பணியாற்றிய கால்நடை மருத்துவர். டாப்சிலிப், முதுமலை முகாம்களில் யானைகளுக்கு மருத்துவம் பார்த்தார். காட்டில் இறந்துகிடந்த யானைகளை, அழுகிய நிலையிலும், பிணக்கூறாய்வு செய்தார். நோயால் இறந்ததா, தந்தத்துக்காகச் சுடப்பட்டதா என்பதை அறிய வேறு வழியில்லை.

இப்பணியில் ஆபத்தும் உண்டு. ஆந்த்ராக்ஸ் எனப்படும் அடைப்பான் நோயில் இறந்த விலங்கை அறுத்தால், கிருமி காற்றுப்பட்டு வித்துகளாகிப் பல ஆண்டுகள் மண்ணில் தங்கும். ஆகவே சந்தேகம் இருந்தால், கத்தி வைக்கும் முன் இரத்தச் சொட்டை நுண்ணோக்கியில் பார்ப்பது மருத்துவ விதி. மத்திகிரியை அடுத்த ஓசூர்க் காடுகளைப் போல, யானையும் மேய்ச்சல் மாடும் ஒரே நிலத்தில் உலவும் இடங்களில் இவ்விதி மேய்ப்பவரையும் சேர்த்துக் காக்கிறது.

தென்னிந்திய முகாம் யானைகளின் பிறப்பு, இறப்பு பற்றி ராமன் சுகுமார் முதலியோருடன் இவர் எழுதிய ஆய்வுக்கட்டுரை 1997இல் வெளிவந்தது. ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ கதை இவரைப் பற்றியது.