தாவணிக் கயிறு முதல் ஃபேன் பெல்ட் வரை

மதுரை மாட்டுத்தாவணி என்றதும் இன்று நினைவுக்கு வருவது பேருந்து நிலையம்தான். 1999-இல் திறக்கப்பட்ட நிலையம் அது. ஆனால் பெயரில் இருப்பது பஸ் அல்ல, மாடு! "தாவணி" என்றால் மாடுகளை வரிசையாகப் பிணைத்துக் கட்டும் நீளக் கயிறு. அப்படி மாடுகள் கட்டப்படும் இடத்துக்கும், மாட்டுச் சந்தைக்கும் அதே சொல் ஆகிவந்தது.

கயிற்றின் பெயரால் அழைக்கப்படும் இந்த ஊரில் இன்று ஓடும் பெரும்பாலான கார்களின் எஞ்சினிலும் இன்னொரு "கயிறு" சுற்றிக்கொண்டிருக்கிறது. அதுதான் பெல்ட். அதைப் பரிசோதிக்கும் முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாறு தெரியாததால்தான் பலர் நடுரோட்டில் நிற்கிறார்கள்.

கமலை காலம்

மதுரைச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் மோட்டார் வருவதற்கு முன்பு கிணற்றில் தண்ணீர் இறைத்தது கமலை. மாடுகள் சரிவில் இறங்க, வடக்கயிறு உருளை மேல் ஓட, சால் மேலே வரும். வடத்தில் புரி பிரிந்தால் கண்ணுக்குத் தெரியும், கைக்கும் தட்டுப்படும். கவனிக்காமல் விட்டால் சால் கிணற்றுக்குள் போய்விடும். தேய்மானத்தைக் கண்ணால் பார்த்து அறிவது என்ற பழக்கம் அப்போதே இருந்தது.

ஆலைகளில் அந்தக் கயிற்றின் இடத்தில் தோல் பட்டை இருந்தது. இங்கிலாந்தில் ஹல் நகரில் 1861-இல் ஜோசப் ஹென்றி ஃபென்னர் தொடங்கிய தொழிலும் தோல் பெல்ட் செய்வதுதான். அந்தப் பெயர் பிற்பாடு மதுரைக்கே வந்து சேர்ந்தது. கோச்சடையில் உள்ள ஃபென்னர் பெல்ட் தொழிற்சாலையை மதுரைக்காரர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இன்று அது ஜே.கே. குழுமத்தைச் சேர்ந்த ஜே.கே. ஃபென்னர்.

காருக்குள் வந்த பட்டை

1911-இல் டி.வி.சுந்தரம் ஐயங்கார் மதுரையில் தம் மோட்டார் தொழிலைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் உலகை ஆண்ட கார் ஃபோர்டின் மாடல் டி. அதில் பெல்ட்டுக்கு ஒரே ஒரு வேலை, ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் ஃபேனைச் சுற்றுவது. பெரும்பாலான மாடல் டி கார்களில் வாட்டர் பம்ப் கிடையாது. சூடான நீர் மேலே ஏற, குளிர்ந்த நீர் கீழே இறங்க, தானாகவே ஓட்டம் நடக்கும். பெல்ட் அறுந்தால் பெரிய குடி மூழ்காது. "ஃபேன் பெல்ட்" என்ற பெயர் இந்தக் காலத்தின் மிச்சம்.

1917-இல் அமெரிக்காவில் டென்வர் நகரில் ஜான் கேட்ஸ் ரப்பரும் துணியும் சேர்ந்த வி-பெல்ட்டை உருவாக்கினார். தட்டைப் பட்டை புல்லியின் மேல் படுத்துக்கொண்டு ஓடும். வி-பெல்ட் ஆப்பு போலக் காடிக்குள் இறங்கி, இரண்டு பக்கங்களாலும் கவ்விப் பிடிக்கும். பிடி பலமானதும் வேலையும் கூடியது. ஃபேனோடு வாட்டர் பம்ப், டைனமோ எல்லாம் அதன் தலையில் வந்து விழுந்தன.

1958 முதல் 2014 வரை தயாரான அம்பாசடரில் வெகுகாலம் இதே ஏற்பாடுதான். பழைய மெக்கானிக்குகளின் பாடமும் அதில் உருவானதுதான். புல்லிகளுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் இறங்கவேண்டும். அதிகம் இறங்கினால் டைனமோ போல்ட்டைத் தளர்த்தி, வெளிப்பக்கம் இழுத்து முடுக்கவேண்டும். பெல்ட்டைத் திருப்பிப் பார்த்து வெடிப்பு இருந்தால் மாற்றவேண்டும். காடியின் அடிப்பாகம் பளபளவென்று இருந்தால் பெல்ட் தேய்ந்து அடியில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். எளிமையான, சரியான பாடம்!

வெடிப்பு விடாத ரப்பர்

1983-இல் மாருதி 800 வந்தது. ரேடியேட்டர் ஃபேன் கரண்டில் ஓடத் தொடங்கியது. ஃபேனைச் சுற்றாத பெல்ட்டுக்கும் ஃபேன் பெல்ட் என்ற பெயர் மட்டும் போகவில்லை! வெளிநாட்டுக் கார்களில் பல பெல்ட்டுகளுக்குப் பதில் வரிவரியாகக் காடிகள் கொண்ட ஒரே அகலமான பெல்ட் வந்தது. 1979 ஃபோர்டு மஸ்டாங் அதற்கு முன்னோடிகளில் ஒன்று. ஆல்டர்னேட்டர், ஏ.சி., பவர் ஸ்டீயரிங், பல கார்களில் வாட்டர் பம்ப்பும் கூட, எல்லாம் இந்த ஒன்றையே நம்பி நின்றன.

அடுத்து மாறியது ரப்பர். பழைய நியோப்ரீன் பெல்ட் வயதானால் வெடிப்பு விடும். அதன் இடத்தைப் பிடித்த இ.பி.டி.எம். ரப்பர் அவ்வளவு எளிதில் வெடிப்பதில்லை. அதற்குப் பதிலாக டயரைப் போலக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. வரிகளுக்கு இடையே உள்ள பள்ளம் அகலமாகி, பெல்ட் கீழே இறங்கி, வழுக்க ஆரம்பிக்கும். பார்வைக்குப் புதுசு போலவே இருக்கும்!

சிக்கல் இங்கேதான். "வெடிப்பு இல்லையே, இன்னும் ஓடும்" என்பது பழைய ரப்பருக்கான தீர்ப்பு. புதிய ரப்பருக்கு அது பொருந்தாது. பள்ளத்தில் வைத்துப் பார்க்கும் சின்ன பிளாஸ்டிக் அளவுகோல் இதற்கென்றே வந்தது. கட்டைவிரல் சோதனையும் இப்போது பெரும்பாலும் செல்லாது. ஸ்பிரிங் டென்ஷனர் தானே இழுத்துக்கொள்வதால், தேய்ந்த பெல்ட்டும் விறைப்பாகவே தெரியும்.

மாற்றும்போது

எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, பேட்டரி ஒயரைக் கழற்றவேண்டும். பழைய பெல்ட் எந்தெந்தப் புல்லியைச் சுற்றிப் போகிறது என்று முதலில் வரைந்துகொள்வது நல்லது. கழற்றியபின் ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்த்தால் பேரிங் சத்தம் காட்டிக்கொடுக்கும். டென்ஷனரைத் தளர்த்தித்தான் புது பெல்ட்டை மாட்டவேண்டும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றினால் உள்ளே இருக்கும் நூல் இழைகள் அறுந்து, புதியதே சீக்கிரம் போகும். எல்லா வரிகளும் காடியில் சரியாக உட்கார்ந்ததா என்பது கடைசிப் பார்வை.

இவ்வளவும் எதற்கு? சீமையில் பெல்ட் அறுந்தால் பெண்களின் நைலான் காலுறையைக் கட்டி ஓட்டினார்கள் என்று பழைய கதைகள் உண்டு. அது ஒற்றை வி-பெல்ட் காலம். இன்று வாட்டர் பம்ப்பையும் சுற்றும் பெல்ட் ஒன்று சித்திரை வெயிலில் மேலூர் சாலையில் அறுந்தால், பேட்டரி விளக்கு எரியும், ஸ்டீயரிங் கனக்கும், சூட்டு முள் மேலே ஏறும். அப்போதும் நிறுத்தாமல் ஓட்டினால் எஞ்சினே போய்விடும். பெல்ட்டின் விலையையும் எஞ்சின் வேலையின் செலவையும் எந்த மெக்கானிக்கிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.

காமர்ஸ் மாணவர்களுக்குத் தேய்மானம் என்றால் வருஷா வருஷம் கணக்கில் எழுதிக் கழிக்கும் ஒரு தொகை. சொத்து தேய்வது கண்ணுக்குத் தெரிகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை, வருஷம் போனால் கழித்தே ஆகவேண்டும். இன்றைய பெல்ட்டுக்கும் அதே விதிதான். கம்பெனிக் கையேடு சொல்லும் கிலோமீட்டர் வந்துவிட்டால், பளபளப்பைப் பார்த்து மயங்காமல் அளந்து பார்க்கவேண்டும், தேவையானால் மாற்றவேண்டும். பிரிந்த வடம் கமலைக்காரரின் கண்ணில் பட்டுவிடும். பெல்ட் அப்படிக் காட்டிக்கொள்ளாது!