பிராங்க்பர்ட்டில் பிறந்த வேதபாடக் குழு

லுத்தரன் போதகர் பிலிப் யாக்கோப் ஸ்பேனர் 1670இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் தம் வீட்டிலேயே ஒரு சிறு கூட்டத்தைத் தொடங்கினார். ஞாயிறும் புதனும் கூடியவர்கள் முதலில் பக்தி நூல்களை வாசித்தார்கள். சில ஆண்டுகளில் வேதாகமமே பாடமாயிற்று.

ஆராதனையில் பிரசங்கியார் பேச, சபை கேட்கும். இங்கோ ஸ்பேனர் ஜெபித்துத் தொடங்கிவைப்பார். வாசித்த பகுதியைப் பற்றிப் படித்தவர்களோடு எளியவர்களும் பேசலாம். வீண்வாதம் எழாமல் பார்த்துக்கொள்வது நடத்துபவரின் பொறுப்பு. பெண்கள் கேட்கலாம், பேச அனுமதியில்லை. 1675இல் வெளியான ‘பியா டெசிடேரியா’ நூலில் இம்முறையை மற்றச் சபைகளுக்கும் அவர் பரிந்துரைத்தார்.

எதிர்ப்பும் எழுந்தது. கூட்டத்தினர் சிலர் திருச்சபையை விட்டே விலகினர். 1682இல் கூட்டம் ஆலயத்துக்கு மாற்றப்பட்டது.

1686இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கேயும் நண்பர்களும் வேதாகமத்தை எபிரேய, கிரேக்க மூலத்தில் ஆராயும் குழுவை அமைத்தனர். ஸ்பேனரின் ஆலோசனைப்படி அது ஆய்வோடு நில்லாமல் வாழ்வுக்கான பயனையும் தேடியது. பிராங்கே பின்னர் ஹாலே நகரை ஸ்பேனர் தொடங்கிய இயக்கத்தின் மையமாக்கினார். அங்கே பயின்ற சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கினார்.