மாலிக்குத் திரும்பி வந்தவர்கள்: பமாகோவில் வளர்ந்த மலேரியா ஆய்வுக்கூடம்

மலேரியா ஆராய்ச்சியின் வரலாற்றைப் புரட்டினால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். நோய் ஒரு ஊரில் இருக்கும், ஆராய்ச்சியாளர் வேறு ஊர்க்காரராக இருப்பார். 1880-இல் மலேரியாக் கிருமியை முதன்முதலில் நுண்ணோக்கியில் பார்த்த லாவெரான் ஒரு பிரெஞ்சு ராணுவ மருத்துவர். பார்த்த இடம் அல்ஜீரியா. 1897-இல் அதே கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்ட ரொனால்டு ராஸ் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர். கண்ட இடம் நம்ம செகந்திராபாத். இருவருக்கும் பின்னாளில் நோபல் பரிசு கிடைத்தது. ராஸின் கொசுக்களுக்குத் தன் கையைக் கொடுத்த நோயாளி உசேன் கானுக்குக் கிடைத்தது, கொசு ஒன்றுக்கு ஒரு அணா.

அந்தக் காலம் அப்படி என்று விட்டுவிடலாம்தான். ஆனால் நாடுகள் சுதந்திரம் வாங்கிய பிறகும் பல இடங்களில் வழக்கம் அதிகம் மாறவில்லை. மழைக்காலத்தில் வெளிநாட்டுக் குழு வரும், ரத்த மாதிரி எடுக்கும், பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பும். எதை ஆராய வேண்டும் என்ற கேள்வியே வேறெங்கோ முடிவாகும்.

"உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடுமே?" என்று தோன்றும். கொடுத்தார்கள். சிக்கல் அதற்கப்புறம்தான். ஐந்தாறு வருஷம் வெளிநாட்டில் நவீன ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து முனைவர் பட்டம் வாங்கியவர் ஊர் திரும்பினால், அங்கே மின்சாரம் நிலையாக இருக்காது, ரசாயனங்கள் வந்து சேராது, சம்பளமும் குறைவு. அவர் என்ன செய்வார்? வந்த வழியே திரும்பிப் போவார். அவரைக் குறை சொல்ல முடியுமா?

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் இதை வேறு மாதிரி அணுகினார்கள். 1980களின் இறுதியில், தலைநகர் பமாகோவின் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த சிலர், அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் (என்.ஐ.எச்.) உள்ளிட்ட அமைப்புகளின் நிதியுதவியோடு, மலேரியா ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் ஒன்றை உருவாக்கத் தொடங்கினார்கள். ஆளை வெளியே அனுப்புவதோடு, அவர் திரும்பி வந்து உட்கார ஒரு நாற்காலியையும் தயார் செய்வது என்பதுதான் திட்டம். மையத்தை நடத்துபவர்களும் மாலிக்காரர்களே.

இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவர் ஒகோபாரா தூம்போ. தோகோன் இனத்தவர், பாரம்பரிய வைத்தியர் குடும்பத்தில் பிறந்து டாக்டரானவர். இன்னொருவர் யேயா துரே, கொசு ஆராய்ச்சியாளர்.

துரேயின் வேலை பெரிய இயந்திரங்களை நம்பி இருக்கவில்லை. ரத்தம் குடித்து, முட்டை பாதி வளர்ந்த நிலையில் இருக்கும் பெண் கொசுவைப் பிடித்து, அதன் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் படிப்பது. பொறுமையும் பழகிய கண்ணும்தான் முதலீடு. இத்தாலிய விஞ்ஞானி மாரியோ கொலுட்சியோடு சேர்ந்து, ஒரே இனமாகத் தெரிந்த அனோஃபிலிஸ் காம்பியே கொசுவுக்குள் வெவ்வேறு பிரிவுகள் இருப்பதை மாலியில் பிரித்துக் காட்டினார்கள். அவற்றில் இரண்டுக்கு மாலியின் ஊர்ப் பெயர்களே வைக்கப்பட்டன: மோப்தி, பமாகோ. மழைத் தண்ணீரை நம்பி வாழும் கொசுவும், பாசன வயலில் வறட்சிக் காலத்திலும் பெருகும் கொசுவும் ஒன்றல்ல என்றால், ஒழிக்கும் வழியும் ஒன்றாக இருக்க முடியாது இல்லையா?

அடுத்த தலைமுறையில் அப்துலாயே ஜிம்தே. மருந்தியல் படித்தவர், அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். குளோரோகுயின் மாத்திரை ஏன் வேலை செய்யாமல் போகிறது என்பது அவருடைய கேள்வி. கிருமியின் ஒரு குறிப்பிட்ட மரபணுவில் ஏற்படும் ஒரே ஒரு மாற்றம் இந்த எதிர்ப்புக்கு அடையாளமாக இருப்பதை, மாலியின் நோயாளிகளிடம் எடுத்த மாதிரிகளைக் கொண்டு அவரும் குழுவினரும் நிறுவினார்கள். 2001-இல் கட்டுரை வெளியானது.

இதன் பயன் மாலியிலேயே தெரிந்தது. வடக்கு மாலியில் கொள்ளைநோயாக மலேரியா பரவியது. அரசியல் கலவரம் நடக்கும் பகுதி அது. ஒரு மருந்து பலிக்கிறதா என்று வழக்கமான முறையில் பார்க்க, நோயாளிகளை வாரக்கணக்கில் பின்தொடர வேண்டும். அங்கே அது நடக்காத காரியம். ரத்த மாதிரியில் மரபணுவைப் பார்த்தார்கள். 80 சதவீதத் தொற்றுகளில் குளோரோகுயின் எதிர்ப்பின் அடையாளம் இருந்தது. மாற்று மருந்தான சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமினுக்கு வலுவான எதிர்ப்பைக் காட்டும் மரபணுக் கூட்டு ஒன்றில்கூட இல்லை. உடனே மருந்தை மாற்றினார்கள். மென்பொருள் துறையில் இருக்கிற எனக்கு இது நன்றாகவே புரிகிறது. கோளாறு நடக்கும் இடத்திலேயே அதைப் படிக்கத் தெரிந்த ஆள் இருந்தால்தான் தீர்வு நேரத்துக்கு வரும்.

தூம்போ வலியுறுத்திய இன்னொன்று, சம்மதம். ஆய்வுக்கு ஒரு கிராமத்துக்குப் போனால் நேராகப் படிவத்தை நீட்டக் கூடாது. முதலில் ஊர்த் தலைவர், பெரியவர்கள், நாட்டு வைத்தியர்கள், அப்புறம் குடும்பத் தலைவர்கள், தாய்மார்கள், கடைசியில்தான் தனிநபர். இந்த வரிசை அந்த மண்ணில் வளர்ந்தவருக்கு இயல்பாகத் தெரியும். வெளியிலிருந்து வருபவருக்கு இதைக் கற்றுக்கொள்ளவே சில மழைக்காலங்கள் போய்விடும்.

தூம்போ 2018-இல் இறந்தார். நிறுவனர் போனதும் நிறுவனம் படுத்துவிடுவது நமக்குப் பழகிய கதை. இங்கே அப்படி ஆகவில்லை. 2022-இல் வெளியான ஒரு முக்கியமான ஆய்வில், ஒரே ஒரு முறை ஏற்றும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) ஒரு மலேரியா பருவம் முழுக்கத் தொற்றைத் தடுக்குமா என்று மாலியின் இரண்டு கிராமங்களில் 330 பேரிடம் சோதித்தார்கள். அதிக அளவு மருந்து பெற்றவர்களிடம் 88 சதவீதம் தடுத்தது. கட்டுரையின் முதல் பெயர் கசூம் கயென்தாவ், அதே மையத்தைச் சேர்ந்தவர்.

எல்லாம் சுபம் என்று முடிக்க முடியாது. 2012-இல் தொடங்கிய போர் தோகோன் மக்களின் பகுதிக்கும் பரவியது. பல வருஷம் ஆய்வு நடந்த பந்தியாகரா அங்கேதான் இருக்கிறது. பணத்தில் பெரும்பகுதி இன்னமும் வெளிநாட்டு ஆய்வு நிதிதான். கேள்வி உள்ளூர்க்காரருடையது, ஆள் உள்ளூர்க்காரர், காசோலை மட்டும் வெளியூர். வாஷிங்டனில் கொள்கை மாறினால் பமாகோவில் சம்பளம் நிற்கலாம்.

2023-இல் உலகில் மலேரியாவால் இறந்தவர்கள் சுமார் 5,97,000 பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் 95 சதவீதம் ஆப்பிரிக்காவில், பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். ஒரு விஞ்ஞானியை உருவாக்கப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகிறது. ஆய்வு நிதி மூன்று வருஷம், ஐந்து வருஷம் என்றுதான் வருகிறது. பயிற்சி பற்றிப் பேசும்போது நாம் கேட்க வேண்டியது இதைத்தான்: அந்த நிதி முடிந்த மறுநாள் அவர் எங்கே வேலைக்குப் போவார்?